இரண்டு டிரையோசாரஸ் ஏன் வேலியை உடைத்தன?

நீங்கள் கேட்டது இதுதான். டைனோசர் பூங்கா கட்டி நடத்தும் கணினி கேமான ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷன் 2 விளையாடுகிறீர்கள். பெரிய அடைப்பு ஒன்றைக் கட்டி, நடுவில் குளம் வெட்டி, மீதி இடம் முழுக்க அடர்த்தியாக மரம் நட்டு, இரண்டு டிரையோசாரஸை, அதாவது இரண்டு காலில் ஓடும் சின்னத் தாவர உண்ணி டைனோசர்களை, விட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் கம்ஃபர்ட் அளவு, அதாவது விலங்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று கேம் காட்டும் கணக்கு, இறங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த, ஊன் உண்ணும் செரட்டோசாரஸின் அடைப்புக்கும் இதற்கும் ஒரே வேலிதான். அந்த வேலியை உடைத்துக்கொண்டு போன ஒன்று அங்கேயே இரையாகிவிட்டது. மற்றது இன்னும் உயிரோடு இருக்கிறது. "சின்ன டைனோசரெல்லாம் காசுக்குக் கேடு, விற்றுவிட்டு டிரைசெராடாப்ஸ் வாங்கு" என்று நண்பர் சொல்கிறார். இவை உடைக்க முடியாத வேலி எது என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால், அவை ஏன் வெளியே போக நினைத்தன, அந்த மிச்ச ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று தோன்றுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

இந்த கேமின் முதல் பாகம் 2018 ஜூனில் வந்ததிலிருந்து விளையாடி வருகிறேன். டிரையோசாரஸ் அப்போது கிடையாது. 2019 ஜூனில் தாவர உண்ணிகளுக்கென்று தனியாக விற்ற தொகுப்பில் ஹோமலோசெஃபாலி, நைஜர்சாரஸ் இரண்டோடும் சேர்ந்து வந்தது. 2021 நவம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது கேமோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் கட்டிய ஏறக்குறைய எல்லாப் பூங்காவிலும் டிரையோசாரஸ் இருந்திருக்கிறது. நான் படித்தது விலங்கியல். புதைபடிவ ஆய்வு என் துறை இல்லை, கேமின் நிரலைத் திறந்து பார்த்தவனும் இல்லை. அதனால் கேம் திரையில் காட்டும் விஷயத்தை உறுதி என்று சொல்கிறேன். நான் பார்த்துப் பழகிய விஷயத்தை என் அனுபவம் என்று தனியாகச் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள்.

உறுதியான விஷயத்திலிருந்து தொடங்குவோம். டைனோசர் எதையாவது தேர்ந்தெடுத்தால் அதன் தேவைகள் வரிசையாகத் தெரியும். தண்ணீர், தீனி, திறந்தவெளி, காடு என்று வரும் பட்டைகளை எல்லோரும் பார்க்கிறார்கள். தன் இனத்துத் துணை எத்தனை வேண்டும் என்று காட்டும் பட்டையைத்தான் பலர் கடைசியில் பார்க்கிறார்கள், சிலர் பார்ப்பதே இல்லை. அதில் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் உண்டு. டிரையோசாரஸ் கூட்டமாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்ட விலங்கு. இரண்டு மட்டும் இருந்தால் குளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பட்டை நிறையாது, கம்ஃபர்ட்டும் ஏறாது. கம்ஃபர்ட் குறைந்த விலங்கு வேலியை முட்டும் என்பது இந்த கேமின் அடிப்படை விதி. உங்களிடம் நடந்ததும் பெரும்பாலும் இதுதான்.

எந்த எண்ணிக்கை சரி என்று நான் இங்கே ஓர் எண்ணை எழுதாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. கேமுக்கு வரும் அப்டேட்டுகளில் இப்படிப்பட்ட கணக்குகள் மாறக்கூடியவை. பழைய வீடியோவில் யாரோ சொன்ன எண்ணைவிட உங்கள் திரையில் இன்று தெரிகிற எண்தான் செல்லும். குறைந்தபட்சத்துக்கு மேல் இரண்டு மூன்று கூடுதலாக வைப்பது என் வழக்கம். ஒன்று செத்தாலும் மிச்சக் கூட்டம் கலங்காமல் இருக்கும்.

படிக்கும் காலத்தில் ஓர் உயிரியல் பூங்காவில் சில வாரங்கள் இருந்தேன். காலில் காயம் என்று ஒரு பெண் புள்ளிமானைப் பிரித்துத் தனிக் கூண்டில் வைத்திருந்தார்கள். பசுந்தீவனம் முன்னால் கிடக்கிறது, தண்ணீர் இருக்கிறது, நிழலும் இருக்கிறது. ஆனாலும் அது வேலி ஓரமாகவே நடந்து, திரும்பி, மறுபடி நடந்துகொண்டிருந்தது. பல வருடமாக அங்கே மான்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இதுக்குப் பசி இல்லை தம்பி, கூட்டம் கண்ணுல படணும்" என்றார். மறுநாள் அந்தக் கூண்டை மந்தை தெரியும் பக்கமாக மாற்றினார்கள். சாயங்காலத்துக்குள் தீவனத்தைத் தொட்டது. நிஜ மானையும் கணினி டைனோசரையும் ஒன்றாக்கிப் பேசவில்லை. ஆனால் எதைப் பார்த்து இந்தப் பட்டையை கேமில் வைத்திருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குப் பார்த்ததை வைத்துப் புரிகிறது.

இரண்டாவது, உங்கள் காடு. இதில் நல்ல எண்ணத்தோடு ஒரு தவறு செய்திருக்கிறீர்கள். காடு எப்படி ஒரு தேவையோ, மரம் இல்லாத திறந்தவெளியும் அப்படியே தனித் தேவை. அடைப்பு முழுக்க மரம் நட்டால் ஒரு பட்டை வழியும், இன்னொன்று காலியாகக் கிடக்கும். அப்புறம் தீனி. இந்தப் பாகத்தில் தாவர உண்ணிகளின் உணவை உயரத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். தரையோடு வளர்வது ஒரு வகை, உயரத்தில் இருப்பது இன்னொரு வகை. ஒவ்வொன்றுக்குள்ளும் இலை, பழம், கொட்டை என்று உட்பிரிவு உண்டு. தரைச் செடிகளில் நார்ச்சத்து வகையும் வரும். நீள்கழுத்து பிரேக்கியோசாரஸ் மேய்கிற உயரமான மரத்தை எத்தனை நட்டாலும் டிரையோசாரஸுக்கு அது தீனி ஆகாது. அதற்கு வேண்டியது தரையில் இருக்கும் செடி. எந்த உட்பிரிவு என்று தேவைகள் தெரியும் பேனலைப் பார்த்து, அதையே நடுங்கள். வேறு செடி அலங்காரம்தான்.

இதைவிட முக்கியமானது, செடியை எங்கே நடுவது. இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு டைனோசருக்கும் ஒரு எல்லை உண்டு. அடைப்பு பெரிது என்பதற்காக முழு அடைப்பும் அதன் இடம் ஆகிவிடாது. விலங்கைத் தேர்ந்தெடுத்தால் அந்த எல்லை தரையில் தெரியும். தனக்கு வேண்டியது உள்ளே கிடைத்தால் எல்லை சுருங்கி நிற்கும், கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டு விரியும். தூரத்து மூலையில் நீங்கள் நட்ட செடி, அந்த எல்லைக்குள் வரும்வரை இல்லாத செடி போலத்தான். அதனால் முட்டையிலிருந்து வந்தவற்றை விட்ட உடனே வேகமாக எதையும் மாற்றாமல், சில நிமிடம் எல்லை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். குளமும் தரைச்செடியும் திறந்தவெளியும் பக்கம் பக்கமாக, ஒரே இடத்தில் வருகிற மாதிரி அமைத்தால் அவை அங்கேயே தங்கும். என் பூங்காவில் இதற்காக நான் ஒதுக்கும் இடம், நீங்கள் கட்டியதாகச் சொன்ன அடைப்பில் பாதிகூட இருக்காது. அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும் சொல்ல ஆசை. கேமில் தரையெல்லாம் பச்சைப் புல்லாகத் தெரியும். நிஜ டிரையோசாரஸ் ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அது மிதித்த நிலத்தில் புல் என்ற ஒன்று இருந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. பெரணி, குதிரைவால் செடி, சைகஸ் இனங்கள், கின்கோ, ஊசியிலை மரங்கள் இவைதான் அன்றைய பசுமை. டைனோசர்கள் புல்லைத் தின்றன என்பதற்கான பெயர்பெற்ற ஆதாரம் நம் நாட்டிலிருந்தே வந்தது. மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற இடத்தில் கிடைத்த டைனோசர் சாணப் படிவங்களில் புல்லின் நுண்துகள்கள் இருந்ததை 2005ல் அறிவித்தார்கள். ஆனால் அது கிரிட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதி, டிரையோசாரஸ் மறைந்து பல கோடி ஆண்டுகள் கழித்து. அதனால் அடைப்பை உண்மைக்கு நெருக்கமாக அமைக்க விரும்பினால் பெரணிப் புதர்களைத் தாராளமாக வையுங்கள். பார்க்கவும் அழகாக இருக்கும்.

அடுத்து பக்கத்து வீட்டுக்காரர்கள். செரட்டோசாரஸை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தது எனக்குப் புரிகிறது. இரண்டும் நிஜத்தில் ஒரே நிலத்தில் வாழ்ந்தவை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாரிசன் என்று அழைக்கப்படும் பாறை அடுக்குகளில் டிரையோசாரஸ், செரட்டோசாரஸ், அல்லோசாரஸ், ஸ்டெகோசாரஸ், பிரேக்கியோசாரஸ், டிப்ளோடோகஸ் எல்லாவற்றின் எலும்புகளும் கிடைக்கின்றன. அந்தக் காலத்தை அப்படியே கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. ஆனால் சண்டையில் டிரையோசாரஸுக்குக் கொம்பும் இல்லை, கவசமும் இல்லை, வாலில் முள்ளும் இல்லை. நிஜத்திலும் அதனிடம் இருந்தது நீண்ட பின்னங்கால்களும், ஓடும்போது சமநிலை காக்கும் விறைப்பான வாலும்தான். ஓடித் தப்பிக்க இடம் வேண்டும். அடைப்புக்குள் அந்த இடம் இல்லை. எனவே எந்த ஊன் உண்ணியோடும் ஒரே வேலியைப் பகிரவே கூடாது. இடையில் ஒரு வண்டிப்பாதை அளவுக்காவது இடம் விட்டு இரட்டை வேலி போடுங்கள். முதல் வேலி உடைந்தாலும் ரேஞ்சர் (பூங்காக் காவலர்) வந்து சேர அந்த இடைவெளி நேரம் கொடுக்கும்.

தாவர உண்ணிகளோடு சேர்த்து வைக்கலாமா என்றால், வைக்கலாம். எந்த இனத்தை விரும்பும், எதை வெறுக்கும் என்று கேமே காட்டுகிறது, வெறுப்புப் பட்டியலில் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். என் அனுபவத்தில் நீள்கழுத்து இனங்களோடு பிரச்சினை வந்ததில்லை. அவை மேலே மேய்கின்றன, இவை கீழே மேய்கின்றன, தீனிக்குப் போட்டி இல்லை. பெரிய ஒரு பிரேக்கியோசாரஸின் கால்களுக்கு நடுவே பத்து டிரையோசாரஸ் ஓடுவதைப் பார்க்க எனக்கு இன்றும் சலிக்கவில்லை. கொம்புள்ள டைனோசர்களோடு வைத்தபோது சில தடவை சரியாக இருந்தது, சில தடவை இல்லை. அதை விதியாகச் சொல்ல மாட்டேன்.

இப்போது நீங்கள் நேரடியாகக் கேட்ட வேலி. தேவைகள் நிறைந்த டிரையோசாரஸ் கூட்டத்தை நான் சாதாரண லேசான வேலியிலேயே வைத்திருக்கிறேன், உடைத்ததில்லை. தேவைகள் நிறையாத கூட்டத்துக்கு எந்த வேலியும் நாளைக் கடத்துமே தவிரத் தீர்வாகாது. மின்வேலிக்கு மின்சாரம் வேண்டும், புயலில் அது போனால் வெறும் கம்பி. புயல் வேலியையே சேதப்படுத்துவதும் உண்டு. ஆகவே வேலியில் செலவழிக்கும் காசில் ஒரு பங்கை ரேஞ்சர் நிலையத்துக்குக் கொடுங்கள். அடைப்புக்குள் ஒரு ரேஞ்சர் நிலையம் வைத்து, ஒரு குழுவை அதற்கே ஒதுக்கினால், அவர்கள் விலங்குகளின் நிலையை அடிக்கடி பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தகவல் இல்லாவிட்டால் உங்கள் திரையில் தெரிவது பழைய கதை. கம்ஃபர்ட் இறங்கியதே தெரியாமல், வேலி உடைந்த பிறகு எச்சரிக்கை ஒலியைக் கேட்டு ஓடுவதெல்லாம் இதனால்தான்.

கூட்டத்தை உருவாக்கும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை நான் ஒரு பூங்காவை இழந்து கற்றுக்கொண்டேன். துணை குறையக் கூடாது என்பதற்காக எட்டையும் ஒரே நேரத்தில் விட்டேன். அருமையாக இருந்தது. ஆனால் ஒரே நாளில் வந்தவை ஏறக்குறைய ஒரே காலத்தில் கிழடாயின. அடுத்தடுத்து மூன்று செத்ததும் மீதிக்குத் துணை குறைந்து, கம்ஃபர்ட் சரிந்து, வேலி உடைந்து, பார்வையாளர்கள் ஓட, எல்லாம் ஒரே மாலையில் நடந்தது. இப்போது குறைந்தபட்சக் கூட்டத்தை முதலில் ஒன்றாக விடுகிறேன். கணிசமான இடைவெளிக்குப் பிறகு இரண்டு, மறுபடி இடைவெளி விட்டு இரண்டு என்று சேர்க்கிறேன். வயது கலந்திருக்கும், சாவும் ஒன்றிரண்டாக வரும். முட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொன்றின் குணங்களும் தெரியும். தோலின் நிறத்தைப் பார்த்து எடுக்காமல் குணங்களைப் படித்து எடுங்கள். மரபணு மாற்றத்தில் ஆயுளைக் கூட்டவும் வழி உண்டு.

நோய் பற்றிச் சுருக்கமாக. கூட்டமாக இருப்பவற்றுக்குள் தொற்று வேகமாகப் பரவும். ஒன்று சோர்ந்தால் கால்நடை மருத்துவ வண்டியை அனுப்பி முதலில் ஸ்கேன் செய்யுங்கள், என்ன நோய் என்று தெரிந்த பிறகு மருந்து. சில நோய்களுக்கு விஞ்ஞானிகளைக் கொண்டு முன்பே ஆய்வு முடித்திருக்க வேண்டும். நோய் என்பது கேமுக்காகச் சேர்த்த கற்பனை என்று நினைக்க வேண்டாம். டிரையோசாரஸின் நெருங்கிய உறவான டைசலோட்டோசாரஸ், இன்றைய தான்சானியாவில் தெண்டகுரு என்ற இடத்தில் 1909க்கும் 1913க்கும் இடையே ஜெர்மானியர்கள் தோண்டி எடுத்தது. அதன் முதுகெலும்பு ஒன்றில், மனிதர்களுக்கு வரும் பேஜட் நோயைப் போன்ற எலும்புக் கோளாறு இருந்ததாக 2011ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 15 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய விலங்கு எலும்பு வலியோடு நடந்திருக்கிறது என்பதைப் படித்ததிலிருந்து, அந்த மருத்துவ வண்டியை அனுப்ப நான் தாமதிப்பதில்லை.

அந்தத் தெண்டகுருவில் பல டைசலோட்டோசாரஸ்களின் எலும்புகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. மந்தையாக வாழ்ந்து ஒன்றாக இறந்திருக்கலாம் என்று இதை வைத்துச் சொல்வதுண்டு. அது நியாயமான ஊகம். ஆனால் எலும்புகள் ஒன்றாகக் கிடப்பதும் விலங்குகள் ஒன்றாக வாழ்வதும் ஒரே விஷயம் இல்லை, தண்ணீரும் வறட்சியும்கூடப் பிணங்களை ஓரிடத்தில் சேர்க்கும். எனவே டிரையோசாரஸ் கூட்டமாக வாழும் என்பது கேமில் உறுதி, நிஜத்தில் சாத்தியம். இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள்.

சரி, இது காசுக்குக் கேடா? பார்வையாளர்களை ஈர்க்கும் மதிப்பு ஒவ்வொன்றுக்கும் குறைவுதான், உங்கள் நண்பர் சொல்வதில் அந்த அளவு உண்மை. ஆனால் உருவாக்கும் செலவும் குறைவு, வேலியும் மலிவு, இடமும் கொஞ்சம். பூங்கா தொடங்கி, கையில் பணம் இல்லாத முதல் கட்டத்தில் ஒரு பெரிய விலங்கை வாங்கி, அது நோயில் விழுந்து, திவாலாகிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்வை மாடத்தை அவற்றின் எல்லைக்கு நேர் எதிரே, மரம் மறைக்காத திறந்தவெளிப் பக்கமாக வையுங்கள். கண்ணில் படாத டைனோசரால் வருமானம் இல்லை. நீங்கள் காட்டுக்குள் வைத்த இரண்டையும் மாடத்திலிருந்து யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

எனக்கு இதன் மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணம் வருமானம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1894ல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் மார்ஷ் இதற்கு டிரையோசாரஸ் என்று பெயர் வைத்தார், மரப் பல்லி என்று பொருள். யூட்டா மாநிலத்தின் டைனோசர் தேசிய நினைவிடத்தில் இதன் குட்டி ஒன்றின் எச்சம் கிடைத்திருக்கிறது, குட்டையான முகமும் பெரிய கண்ணுமாக. வளர்ந்த எலும்புக்கூடுகள் என்று நாம் நினைப்பவையும் முழு வளர்ச்சி எட்டாதவை என்று எலும்பை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் 2009ல் சொன்னார்கள். முழுதாக வளர்ந்தது எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பது திறந்த கேள்வி. கேம் காட்டும் உடல் அளவை முடிந்த உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த விலங்கின் பெயரில் இரண்டாவது ஓர் இனத்தைப் பிரித்துப் பெயர் வைத்ததே 2018ல், அதாவது கேமின் முதல் பாகம் வந்த அதே ஆண்டில்தான். இவ்வளவு சின்ன உருவத்தைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள இவ்வளவு இருக்கிறது.

உங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒன்றுக்கு வருகிறேன். அதை விற்காதீர்கள். இப்போதே பழைய அடைப்பில் துணை சேர்க்கவும் வேண்டாம், செரட்டோசாரஸ் வேலி அப்படியே இருக்கிறது. முதலில் பூங்காவின் வேறு பக்கத்தில் சிறிய அடைப்பு ஒன்றைக் கட்டி, தண்ணீர், தரைச்செடி, பாதிக்குமேல் திறந்தவெளி என்று அமையுங்கள். ரேஞ்சர் நிலையத்தையும் அப்போதே வைத்துவிடுங்கள். குறைந்தபட்சக் கூட்டத்துக்கு எத்தனை தேவையோ அதில் ஒன்றைக் கழித்து முட்டை வைத்து, அவை வந்ததும் புதிய அடைப்பில் விடுங்கள். அன்றே பழையதை மயக்க ஊசி போட்டு, ஹெலிகாப்டரில் தூக்கிக் கொண்டுபோய்க் கூட்டத்தின் நடுவில் இறக்குங்கள். விழித்து எழுந்ததும் அது எந்தப் பக்கம் நடக்கிறது என்று பாருங்கள். வேலியை நோக்கிப் போனால் அந்தப் பேனலின் படத்தோடு மறுபடி எழுதுங்கள், எந்தப் பட்டை குறைகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.